வடலூரில் இறக்கி வைத்த பயம்

விளக்கு அணைந்தது என்று சொல்லக்கூட எங்கள் வீட்டில் கூடாது. "மலையேறிடுச்சு" என்றுதான் சொல்ல வேண்டும். எனக்குப் பதினோரு வயதில், ஒரு வெள்ளிக்கிழமை விளையாட்டு மும்முரத்தில் எண்ணெய் ஊற்ற மறந்து, விளக்கு மலையேறிவிட்டது. அன்று இரவே தம்பிக்குக் காய்ச்சல். "உன்னாலதான் சாமி குத்தம் ஆயிருச்சு" என்றார் அப்பத்தா. மூன்றாம் நாள் தம்பி எழுந்து ஓட ஆரம்பித்துவிட்டான். அந்தச் சொல் மட்டும் முப்பது வருஷமாக என்னை விடவில்லை. கோயிலில் கை கூப்பும்போதெல்லாம் உள்ளே இருந்தது பக்தியா, பயமா என்று எனக்கே தெரியாது.

ஒரு மாதப் பூசத்தன்று வடலூர் போனேன். பயம் இல்லாமல் ஒரு தடவையாவது கும்பிட வேண்டும் என்பதுதான் என் வேண்டுதல்.

முதலில் தருமச்சாலை. 1867 மே 23 அன்று வள்ளலார் ஏற்றி வைத்த அடுப்பு, இன்றுவரை அணையவில்லை. விறகு தள்ளிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் முகமெல்லாம் வியர்வை. கட்டை எரிந்து குறையக் குறைய அடுத்ததை உள்ளே தள்ளுகிறார். நெருப்புக்கு முன்னால் வெகுநேரம் நின்றேன். இதுவும் அணையக் கூடாத நெருப்புதான். ஆனால் அணைந்தால் சாமி கோபித்துக்கொள்ளும் என்பதற்காக யாரும் இதைக் காக்கவில்லை. அணைந்தால் வந்தவர்கள் பசியோடு திரும்ப வேண்டியிருக்கும். பந்தியில் உட்கார்ந்தேன். எந்த ஊர், என்ன சாதி என்று ஒரு கேள்வி இல்லை. "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கம்மா" என்று மட்டும் கேட்டார்கள்.

அப்புறம் மேட்டுக்குப்பம், சித்திவளாகம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்த் தாழிட்டுக்கொண்ட அறை இங்கேதான். அதற்கு மூன்று மாதம் முன்பு, 1873 அக்டோபர் 22 அன்று, இதே இடத்தில் சன்மார்க்கக் கொடி ஏற்றிப் பேருபதேசம் செய்தார். சைவ சமயத்தில் தமக்கு முன்பு இருந்த பற்று இவ்வளவு அவ்வளவு அல்ல, அது இப்போது போய்விட்டது என்று அந்த உபதேசத்தில் வெளிப்படையாகச் சொல்கிறார். சிறு வயதில் கந்தகோட்டத்து முருகனை உருகி உருகிப் பாடியவர் அவர்! பழைய பற்றை விட்டதை அவர் மறைக்கவும் இல்லை, அதற்காகக் குற்ற உணர்ச்சி கொள்ளவும் இல்லை. அந்த வாசலில் உட்கார்ந்து அழுதேன். பிறந்த வீட்டில் கிடைத்ததைக் கேள்வி கேட்டால் தெய்வத்தை விட்டு விலகிவிடுவோம் என்றுதானே இத்தனை நாள் நடுங்கினேன்? அவரோ கேட்டுக் கேட்டுத்தான் தெய்வத்தின் பக்கத்தில் போயிருக்கிறார்.

இரவு சத்திய ஞானசபையில் ஜோதி தரிசனம். எண்கோண வடிவச் சபை. 1872 தைப்பூசத்தில் தொடங்கிய வழிபாடு இது. கறுப்பில் தொடங்கி நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கலப்பு என்று ஏழு திரைகள். தைப்பூசத்தில் ஏழையும் நீக்குவார்கள், மாதப் பூசத்தில் ஆறு. ஒவ்வொரு திரையும் விலக, "அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை" என்ற குரல் கூட்டத்தில் எழும்பியது. நானும் சொன்னேன். எதையும் வேண்டிக்கொள்ளத் தோன்றவில்லை. கை நடுங்கவும் இல்லை.

அப்பத்தாமேல் எனக்குக் கோபம் கிடையாது. அவருக்கும் யாரோ கொடுத்த பயம்தானே அது.

வீடு திரும்பிய மறு வெள்ளிக்கிழமை, சமையலறையில் இருந்தேன். "அம்மா, விளக்கு அணைஞ்சிருச்சு" என்று கூடத்திலிருந்து மகள் கத்தினாள்.

"எண்ணெய் தீர்ந்திருக்கும். ஊத்திட்டு ஏத்து, தங்கம்" என்றேன்.