பாறையும் நான்கு முதுகுகளும்

ஜனவரி 6

விடிவதற்குள் மெரினாவுக்குப் போய்விட்டேன். உழைப்பாளர் சிலையைப் பக்கவாட்டிலிருந்து வரைய வேண்டும் என்று நெடுநாள் ஆசை. நால்வரும் கோவணத்தோடு பாறையை நெம்புகிறார்கள். வெயில் ஏற ஏற முதுகுத்தண்டின் பள்ளத்தில் நிழல் இறங்கியது. கரிக்கோலை அழுத்திப் பிடித்தும் அந்தக் கருமை தாளில் வரவில்லை. தோளில் தொடங்கும் விசை இடுப்பில் முறுகி, கெண்டைக்காலில் போய் முட்டி நிற்கிறது. பாறை இன்னும் அசையவில்லை. சிற்பி தேவி பிரசாத் ராய் சௌத்ரி தேர்ந்துகொண்டது அந்த நொடியைத்தான். பாறை உருண்டுவிட்டிருந்தால் நால்வரும் நிமிர்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

1959 ஜனவரி 25 அன்று திறக்கப்பட்ட சிலை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகாத சென்னைக்காரர் இல்லை. செய்தவர் பெயரைக் கேட்டால் சொல்பவர்கள் மிகக் குறைவு. அது எனக்கு வருத்தம்தான்.

ஜனவரி 8

இரவு முழுக்க ராய் சௌத்ரி நினைவாகவே இருந்தது. 1899இல் பிறந்தார், ரங்பூர்ப் பக்கத்து ஜமீன் குடும்பம், இன்றைக்கு அது வங்கதேசம். ஓவியத்தில் அவனீந்திரநாத் தாகூரின் மாணவர். நீரில் கரைந்து போவதுபோல வண்ணத்தைக் கழுவிக் கழுவித் தீட்டும் வழி அது. அங்கே பயின்றவர் எலும்பையும் தசையையும் இப்படிப் பிடித்தது எப்படி? மல்யுத்தம் பழகியவர் என்பதை நான் சாதாரணத் தகவலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எதிராளியின் கனத்தைத் தன் இடுப்பில் வாங்கியவனுக்குத்தான் அந்த முதுகுகள் தெரிந்திருக்கும்.

1929இல் சென்னை ஓவியப் பள்ளிக்கு முதல்வராக வந்தார். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். 1957 வரை இங்கேதான். 1954இல் தொடங்கிய லலித் கலா அகாடமிக்கு, அதாவது ஓவியம், சிற்பத்துக்கான தேசிய அமைப்புக்கு, முதல் தலைவரும் அவரே.

பாட்னாவில் அவர் செய்த தியாகிகள் நினைவுச் சின்னத்தைப் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். 1942 ஆகஸ்டில் கொடியேற்றப் போய்ச் சுடப்பட்ட ஏழு மாணவர்கள். ஒருவன் விழ, அடுத்தவன் முன்னேறுகிறான்.

ஜனவரி 11, ஞாயிறு

எழும்பூர் அருங்காட்சியகம், வெண்கலக் கூடம். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரர் முன்னால் நின்றால் எனக்கு மணி தெரிவதில்லை. வலப்பக்கம் இரண்டு கைகள், இடப்பக்கம் ஒன்றுதான். வலக்கை ஊன்றியிருக்க வேண்டிய காளை இன்று இல்லை. இருந்தும் அந்தச் சாய்வு குலையவில்லை. காளையின் உயரத்தைக்கூடக் கையின் மடிப்பிலிருந்து சொல்லிவிடலாம்.

மெரினாவில் பாறை இருக்கிறது, இங்கே காளை இல்லை. இரண்டிலும் உடல்தான் எதிரே உள்ள கனத்தைச் சொல்கிறது. ஆனால் சோழர் காலத்துச் சிற்பி, வெண்கலம் வார்க்குமுன் செய்யும் மெழுகு உருவிலேயே எல்லாவற்றையும் வழவழப்பாக்கி விடுகிறார். தசை தெரியாது, இடுப்பின் ஒரே வளைவு போதும் அவருக்கு. ராய் சௌத்ரி கரடுமுரடை அப்படியே விட்டுவிடுகிறார். எனக்கு அர்த்தநாரீசுவரர் ஒரு படி மேல். ஆனால் நான் செய்ய விரும்புகிற ஆட்கள் ராய் சௌத்ரியின் பக்கத்தில்தான் நிற்கிறார்கள்.

ஜனவரி 12

களிமண் உருவத்துக்கு உள்ளே தாங்கி நிற்கக் கம்பி கட்டினேன். களிமண் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன்.

ஜனவரி 19

மூட்டை சுமப்பவரின் உருவம், ஒன்றரை அடி உயரம். தலையில் மூட்டை ஏறியதும் கழுத்து உள்ளே அமுங்கி, காறை எலும்பு இரண்டும் மேலே எழும்புகின்றன. அவற்றுக்கு நடுவிலுள்ள குழியைக் கட்டைவிரலால் ஒரே அழுத்தில் எடுத்தேன், பிறகு தொடவில்லை. ஓவியத்தில் இதே குழிக்கு மூன்று வண்ணங்கள் கலக்க வேண்டியிருக்கும்.

எஸ். தனபாலை நினைத்துக்கொண்டேன். ராய் சௌத்ரியின் மாணவர். ஓவியம் படித்துச் சிற்பத்துக்கு வந்தவர், நடனமும் ஆடியவர். ஆசிரியரின் சிலைகளில் தெரியும் தசைகள் அவருடைய சிலைகளில் இல்லை. ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அந்த வகுப்பறையிலிருந்து வந்தவர்தான். அவர் 1963 முதல் எழுத்துகளையும் குறியீடுகளையும் ஜாதகக் கட்டங்களையும் ஓவியத் திரையில் நிரப்பினார், 1966இல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலக் கலைக் கிராமத்தை உருவாக்கினார். ஆசிரியரின் சாயல் இருவரிடமும் ஒட்டவே இல்லை. தன்னைப்போலச் செய்யும் மாணவர்களை மட்டும் வளர்த்திருந்தால் சென்னையில் நவீன ஓவியம் என்று ஒன்று இப்படிக் கிளைத்திருக்குமா என்பது சந்தேகமே.

ஜனவரி 20

மூட்டைக்காரரின் வலது குதிகால் தரையில் படவேண்டுமா, எழும்ப வேண்டுமா? எழும்பினால் நடை வரும், கனம் குறையும். கோயம்பேட்டில் லாரியிலிருந்து சரக்கு இறங்கும் நேரத்தில் போய்க் கால்களை மட்டும் வரைந்து வரப் போகிறேன். அதுவரை துணி காயாமல் தண்ணீர் தெளிக்க வேண்டும்.