ஒரு புள்ளி குறைகிறது

"கட்டம் கட்டமாத் தெரியுது. என்னன்னு பாருங்க."

2012 ஜனவரியில் நான் அந்த வேலைக்குச் சேர்ந்தபோது முதல் வாரம் வந்த புகார் அஞ்சல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிதான். யார் எழுதியது, எந்தக் கட்டுரை, போனா கம்ப்யூட்டரா, ஒன்றும் இருக்காது. சிலர் "தங்கள் சேவை தொடர வாழ்த்துகள்" என்று முடித்திருப்பார்கள்.

கோயம்புத்தூரில், மோட்டார் பம்ப் உதிரிபாகக் கடைக்கு மேல்மாடியில் அலுவலகம். மொத்தம் நான்கு பேர். மில்லுக்கும் நகைக்கடைக்கும் வலைத்தளம் செய்து கொடுப்பது சோறு போடும் தொழில். முதலாளி தமிழில் எம்.ஏ. படித்தவர், அந்தப் பித்தில் பக்கத்திலேயே இன்னொன்றும் நடத்திக்கொண்டிருந்தார்: வாசகர்கள் தங்களுக்குப் பிடித்த கட்டுரைகளைக் கொண்டுவந்து பகிர்ந்து, வாக்குப் போட்டு, முகப்புக்கு ஏற்றிவிடும் தளம். இணைப்பும் கொடுக்கலாம், சொந்தமாகவும் எழுதலாம். புகார்களைப் படித்து, நோய் என்ன என்று பார்த்து, புரோகிராமரிடம் சேர்ப்பது என் வேலை.

முதலில் நான் நோயெல்லாம் பார்க்கவில்லை. வந்த வரியை அப்படியே எக்செல் தாளில் ஏற்றிப் புரோகிராமரிடம் நீட்டினேன். பொள்ளாச்சிக்காரர், என்னைவிட நாலைந்து வயது இளையவர். தன் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டுவார். "என் மிஷின்ல நல்லாத்தானுங்கக்கா வருது." வரும். அவர் மிஷினில் எல்லாமே நல்லாத்தான் வரும்.

பிறகுதான் புகார் அனுப்பியவர்களுக்குத் திருப்பி எழுத ஆரம்பித்தேன். ஒரே வரிக்குப் பின்னால் வேறு வேறு நோய்கள் இருந்தன. பழைய நோக்கியா போனில் ஓபரா மினி வைத்துப் படிக்கிறவருக்குக் கட்டம் வந்தால், போனில் தமிழ் எழுத்துரு இல்லை என்று அர்த்தம். முகவரி அடிக்கும் இடத்தில் 'ஓபரா கான்ஃபிக்' என்று அடித்தால் ஒரு பட்டியல் வரும். அதில் சிக்கலான எழுத்துகளைப் படமாகக் காட்டச் சொல்லும் வரிக்கு 'யெஸ்' கொடுத்தால் பக்கம் கொஞ்சம் கனமாகும், தமிழ் தெரியும். இதை எத்தனை பேருக்கு எழுதினேன் என்று கணக்கில்லை. பாமினி எழுத்துருவில் அடித்ததை அப்படியே கொண்டுவந்து ஒட்டியவர்களுக்குக் கட்டம் வராது, ஆங்கில எழுத்தாகக் கொட்டிக் கிடக்கும். ஆனால் அவர்களும் "கட்டம்" என்றே எழுதுவார்கள். அது அப்போது ஒரு பொதுப்பெயர், வயிற்றில் எது வந்தாலும் "வாயு" என்கிற மாதிரி.

மூன்றாவதாக, எங்கள் தளமே உண்டாக்கிய கட்டமும் ஒன்று இருந்தது. முகப்பில் சில தலைப்புகளின் கடைசியில் மட்டும் வரும், சிலவற்றில் வராது. அதை நான் நம்பவே ஒரு மாதம் ஆனது.

தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரலில் இருக்கும் பிழையை 'பக்' என்று எழுதினால் முதலாளிக்குப் பிடிக்காது, 'வழு' என்றுதான் எழுத வேண்டும். கணித்தமிழ்க்காரர்கள் அந்தச் சொல்லை முன்பே பிடித்துவிட்டார்கள், ஆனால் அவர் நன்னூலையும் சேர்த்தே பிடித்துக்கொண்டிருந்தார். வழு, வழாநிலை, வழுவமைதி என்று மூன்று நிலை வைத்தார். சரிசெய்தால் வழாநிலை. தப்புதான், ஆனாலும் காரணம் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டால் வழுவமைதி. பசுவைப் பார்த்து "என் அம்மை வந்தாள்" என்று சொல்வதைப் பள்ளியில் எடுத்துக்காட்டாகப் படித்திருப்போமே, அது. புரோகிராமருக்கு இலக்கணத்தில் ஆர்வம் கிடையாது. ஆனால் மூன்றாவது நிலையின் பயனை உடனே கண்டுகொண்டார். செய்ய மனமில்லாத எல்லாவற்றையும் அதில் தள்ளினார்.

பிப்ரவரி முதல் வாரம் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். இறந்துபோன தன் தாயாரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதிப் போட்டிருக்கிறார். தலைப்பு நான்கு சொல், நீளமான சொற்கள். நான்காவது சொல் தாயாரின் பெயர், "அம்மாள்" என்று முடிவது. முகப்பில் அது "அம்மாள" என்று வந்திருந்தது. "அம்மா பேர்ல ஒரு புள்ளி குறையுது. வெச்சுடுங்க" என்று எழுதியிருந்தார். கட்டுரையைத் திறந்து பார்த்தேன், உள்ளே தலைப்பு முழுதாக இருந்தது. தாளில் 'முக்கியத்துவம்: குறைவு' என்று நானேதான் போட்டேன். ஒரு புள்ளிதானே.

அந்தச் சமயம் வேறு பெரிய தீ எரிந்துகொண்டிருந்தது. அந்த ஜனவரியில்தான் பிளாக்ஸ்பாட் முகவரிகள் நாட்டுக்கு நாடு மாற ஆரம்பித்தன. டாட் காம் என்று முடிந்த ஒரு வலைப்பூவைச் சென்னையில் திறந்தால் டாட் இன்னுக்குப் போகும், சிட்னியில் திறந்தால் டாட் காம் டாட் ஏயு. எங்கள் தளமோ முழு முகவரியைத்தான் ஒரு கட்டுரையின் அடையாளமாக வைத்திருந்தது. துபாய்க்காரர் பகிர்ந்ததும் மதுரைக்காரர் பகிர்ந்ததும் அதன் கண்ணுக்கு இரண்டு கட்டுரை. வாக்குகள் இரண்டாகப் பிரிந்தன. பதினைந்து வாக்குக்கு முகப்புக்கு வர வேண்டியது இங்கே எட்டு, அங்கே ஏழு என்று கீழேயே கிடந்தது. புகார்களில் ஒருவர்கூட முகவரியைப் பற்றிப் பேசவில்லை. "உங்கள் கோஷ்டி ஆட்களுக்கு மட்டும்தான் முகப்பா?" என்றுதான் கேட்டார்கள்.

காரணம் தெரிந்ததும் திருத்துவது ஒரு மதிய வேலை. முகவரியில் பிளாக்ஸ்பாட் என்ற சொல்லுக்குப் பின்னால் எந்த நாடு வந்தாலும் டாட் காம் என்றே எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும். ஏற்கெனவே பிரிந்து கிடந்ததைச் சேர்த்ததில்தான் வினை வந்தது. ஒரே ஆள் டாட் காமுக்கு ஒன்று, டாட் இன்னுக்கு ஒன்று என்று (பலர் தெரியாமல், சிலர் தெரிந்தே) இரண்டு வாக்குப் போட்டிருந்தார்கள். சேர்த்தபோது ஒன்று போனது. மறுநாள் காலை அஞ்சலைத் திறந்தால் "என் வாக்கைத் திருடிவிட்டீர்கள்" என்று பதினோரு பேர். தப்பு நடந்தபோது வந்த கோபத்தைவிட அதைத் திருத்தியபோது வந்த கோபம் பெரிது. எதையாவது திருத்தப் போகிறோம் என்றால் முதல் நாளே அறிவிப்புப் போடும் பழக்கம் எனக்கு அன்று வந்தது.

நடுவில் மட்டக்களப்பிலிருந்து ஒருவர், "நான் எழுதி அரை மணித்தியாலம் கழிச்சுத்தான் எழுதினதா உங்கட தளம் சொல்லுது, நான் இன்னும் அந்த நேரத்துக்குப் போய்ச் சேரேல்ல" என்று எழுதினார். பார்த்தால், யாரோ எப்போதோ கையால் எழுதிவைத்த நேரப் பட்டியலில் கொழும்புக்கு ஆறு மணி நேரம் என்று இருந்தது. இலங்கை 1996-ல் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்து, 2006 ஏப்ரலில் பழைய ஐந்தரைக்கே திரும்பிவிட்டது. எங்கள் பட்டியல் திரும்பவில்லை. முதலாளிக்கு ஒரே குதூகலம். வழு ஏழில் காலவழு கிடைத்துவிட்டதல்லவா.

இத்தனைக்கும் நடுவில்தான் ஆர்.எம்.எஸ்.காரர் வந்தார். கும்பகோணம் பக்கம், ரயில்வே மெயிலில் தபால் பிரிப்பவராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அனுப்பிய முதல் புகாரை அச்செடுத்து என் மேசையில் ஒட்டி வைத்திருந்தேன். தேதி, நேரம், எந்த உலாவி, எந்தக் கட்டுரை, என்ன செய்தேன், என்ன வந்திருக்க வேண்டும், என்ன வந்தது. பத்து வருடம் டெஸ்டிங்கில் இருந்தவர்கள்கூட அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. பாராட்டி எழுதினேன். அவருக்கு அதில் விசேஷம் ஒன்றும் தெரியவில்லை. "கடிதம் வரவில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம் அம்மா. எந்தப் பெட்டியில் போட்டார்கள், எத்தனை மணிக்கு எடுத்தார்கள் என்று தெரிந்தால்தானே எங்கே தங்கிற்று என்று தேட முடியும்?" என்று பதில் வந்தது.

மார்ச்சில் அவர் அனுப்பியதை ஏறக்குறைய அப்படியே தருகிறேன். "முகப்பில் என் தலைப்பின் கடைசியில் கட்டம் வருகிறது. தலைப்பில் ஒரு இடைவெளி கூட்டினேன், கட்டம் அப்படியே இருந்தது. இன்னொன்று கூட்டினேன், மறைந்தது. மூன்றாவதும் கூட்டினேன், மீண்டும் வந்தது. ஆறு தலைப்புகளில் பார்த்துவிட்டேன். மொத்த இடைவெளி மூன்று அல்லது ஆறு இருந்தால் கட்டம் இல்லை. மற்றபடி உண்டு. சோதனைக்காக நான் போட்டவற்றை நீக்கிவிடவும்."

புரோகிராமர் அதை இரண்டு முறை படித்தார். அன்றைக்கு "என் மிஷின்ல" என்று ஆரம்பிக்கவில்லை. "அட" என்றார். அவ்வளவுதான்.

கணினி எழுத்துகளைச் சேமித்து வைக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட் இடம் பிடிக்கும். இடைவெளிக்கு ஒரு பைட். முகப்பில் தலைப்பை 120 பைட்டில் வெட்டச் சொல்லி எழுதியிருந்தது. இடைவெளிகளின் எண்ணிக்கை மூன்றால் வகுபட்டால் கத்தி இரண்டு குறிகளுக்கு நடுவே விழும். வகுபடாவிட்டால் ஒரு குறியின் வயிற்றிலேயே விழும், மிஞ்சிய துண்டுதான் கட்டம். எழுத்தைப் பற்றி ஒன்றும் தெரியாத கத்தி அது. ஒரு ஓய்வுபெற்ற தபால் ஊழியர் இடைவெளி விசையைத் தட்டித் தட்டி எங்கள் நிரலில் இருந்த 120 என்ற எண்ணின் குணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்.

அப்போதுதான் எனக்கு அந்தப் புள்ளி நினைவுக்கு வந்தது. நான்கு சொல் தலைப்பு, மூன்று இடைவெளி. வகுபடும். அதனால் கட்டம் வரவில்லை. ஆனால் 'ள்' என்பது கணினிக்கு ஒரு எழுத்து இல்லை, ள ஒன்று, அதற்குப் பின்னால் புள்ளி ஒன்று. கத்தி சரியாக அந்த இரண்டுக்கும் நடுவே விழுந்திருக்கிறது. கட்டம் வந்தாலாவது ஏதோ பழுது என்று தெரியும். இது சத்தமில்லாமல் ஒரு பெயரைத் தப்பாக எழுதிவிட்டது. தாளில் 'குறைவு' என்று நான் போட்டிருந்ததை அழித்தேன்.

புரோகிராமர் பைட்டை விட்டுவிட்டுக் குறிகளை எண்ணும்படி மாற்றினார். 120-ஐ மூன்றால் வகுத்து 40 குறி. கட்டங்கள் எல்லாத் தலைப்பிலும் ஒழிந்தன. டீ வாங்கிவரச் சொன்னார், குடித்தோம். இரவு ஒன்பது மணிக்கு அந்தப் பெண்மணியின் அஞ்சல்: "புள்ளி கேட்டேன். இப்ப பேரே போச்சு." இடைவெளிகளும் இப்போது ஆளுக்கு ஒரு குறியாக எண்ணப்பட்டதில் கடைசி மூன்று குறிகள் வெட்டுக்குப் போயிருந்தன. "அம்மாள்" இருந்த இடத்தில் "அம்ம" என்று நின்றது. பாதியில் நின்ற கூப்பாடு மாதிரி. என்னால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. வீட்டிலிருந்தே அவருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். காரணம் எதுவும் எழுதவில்லை. குறி, பைட் என்று அவரிடம் போய் என்ன சொல்வது?

மறுநாள் முதலாளியும் புரோகிராமரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டார்கள். எழுத்து என்றால் என்ன என்பதுதான் சண்டை. "க் ஒரு எழுத்துய்யா, கொ ஒரு எழுத்து. எண்ணுறதுன்னா அப்படித்தான் எண்ணணும்" என்றார் அவர். "கம்ப்யூட்டருக்குத் தெரியாதுங்களே" என்றார் இவர். கடைசியில் ஓர் அடிப்படைக் குறியையும் அதன்மேல் ஏறி நிற்கிற புள்ளி, கொம்பு, கால் எல்லாவற்றையும் சேர்த்து ஒன்றாகப் பிடிக்கும் வழி கிடைத்தது. முகப்பின் அகலத்துக்கு ஏற்ப 30 எழுத்து என்று வைத்தார். அம்மாள் முழுதாக வந்தார்.

வெள்ளிக்கிழமை வாராந்திர மின்னிதழ் போனது. அதற்கான நிரல் தனிக் கோப்பு. பழைய 120 அங்கே அப்படியே உட்கார்ந்திருந்தது. மின்னிதழ் வாங்குகிற எல்லோருக்கும் "அம்மாள" போய்ச் சேர்ந்தது. தேடிப் பார்த்ததில் அதே வரி நான்கு இடத்தில் நகலெடுத்து ஒட்டப்பட்டிருந்தது. அன்று புரோகிராமர் சாப்பிடப் போகவில்லை.

திங்கட்கிழமை பயந்துகொண்டே அஞ்சலைத் திறந்தேன். "இப்ப எல்லா இடத்துலயும் சரியா இருக்குங்க. ஆனா அம்மா பேருக்கு முன்னாடி திருமதின்னு போட்டிருந்தேன், அதைக் காணோம்."

தரவுத்தளத்தில் பார்த்தேன். முதல் நாள் சேமித்ததிலிருந்து கடைசித் திருத்தம் வரை எதிலும் 'திருமதி' இல்லை. அவர் அடிக்கவே இல்லை. அடித்ததாக நினைத்திருக்கிறார். தாளில் ஏற்றுவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே புரோகிராமரிடம் சொன்னேன். "நம்ம தப்பு இல்லீங்கக்கா" என்றார். சரி என்று நான் போய்விட்டேன்.

மாலையில் பார்க்கிறேன், தலைப்பில் 'திருமதி' இருக்கிறது. அதைச் சேர்த்தால் 30 எழுத்துக்குள் பெயர் அடங்காது. 30-ஐ 36 ஆக்கியிருந்தார். முகப்பில் பாதித் தலைப்புகள் இரண்டாம் வரிக்கு இறங்கி, வலது பக்கப் பட்டை லேசாகக் கோணிக்கொண்டு நின்றது. முதலாளி வந்து பார்த்தார், தாளைக் கேட்டார். அந்த வரியில் நிலை என்ற கட்டத்தில் புரோகிராமர் முன்னதாகவே 'வழுவமைதி' என்று அடித்து வைத்திருந்தார்.