பை ஜீரோவுக்கு ஒரு ஜிசிசி: பில்ட், ஹோஸ்ட், டார்கெட்

எங்கள் குழுவில் புதிதாகச் சேருகிற எல்லோரும் கேட்கும் கேள்வி இது: ஒரு கணினியில் ஓடி வேறு வகைச் சிப்புக்கு நிரல் தயாரிக்கும் கிராஸ் கம்பைலர் வேண்டுமென்றால் டெபியன் லினக்ஸில் ஒரு பேக்கேஜை இன்ஸ்டால் செய்தால் ஆயிற்று, எதற்காக ஜிசிசி என்ற கம்பைலரை சோர்ஸிலிருந்து நாமே கட்டுகிறோம்? நியாயமான கேள்விதான். பெரும்பாலான போர்டுகளுக்கு அந்தப் பேக்கேஜே போதும். மோட்டார் அதிர்வை அளக்கும் எங்கள் பெட்டிகளுக்குள் இருக்கும் பழைய ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற சிறு கணினிக்கு மட்டும் போதாது. ஏன் போதாது என்பது பிடிபட்டால், கட்டுவதற்கு முன் ஜிசிசியின் அமைப்புகளைத் தீர்மானிக்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதும் பாதி பிடிபட்டுவிடும்.

பை ஜீரோவில் இருப்பது ஆர்ம்1176 என்ற ப்ராசஸர் கோர். ஆர்ம் கட்டளைத் தொகுப்பின் ஆறாம் பதிப்பான ஆர்ம் வி6 வகை. 2012இல் வந்த முதல் ராஸ்பெர்ரி பையிலும் இதே கோர்தான். 32 பிட் ஆர்ம் சிப்புகளுக்கான டெபியனின் ஆர்ம்ஹெச்எஃப் பதிப்போ ஆர்ம் வி7இலிருந்துதான் தொடங்குகிறது. அதனால்தான் மைக் தாம்சனும் பீட்டர் கிரீனும் டெபியனின் பேக்கேஜ்களை ஆர்ம் வி6க்காக மறுபடி கம்பைல் செய்து ராஸ்பியன் என்ற இயங்குதளத்தை உருவாக்கினார்கள். அந்த உழைப்புக்கு இன்றைக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஆனால் கம்பைலர் எந்த அமைப்புக்கு நிரல் தருகிறது என்று சொல்லும் டார்கெட் பெயர் இரண்டுக்கும் ஒன்றே: ஆர்ம்-லினக்ஸ்-க்னுஈஏபிஐஹெச்எஃப். பெயரைப் பார்த்து எந்தச் சிப் என்று யாராலும் சொல்ல முடியாது.

டெபியனின் கிராஸ் கம்பைலரில் ஒரு வரி அச்சிடும் சி நிரலைக் கம்பைல் செய்து பை ஜீரோவில் ஓட்டிப் பாருங்கள். 'இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்' என்று நின்றுவிடும். சரி, எந்தச் சிப் வகை என்று சொல்லும் மார்ச் ஆப்ஷனில் ஆர்ம்வி6+எஃப்பி என்று கொடுத்து, கூடவே சாதாரண ஆர்ம் கட்டளைகளைக் கேட்கும் மார்ம் ஆப்ஷனையும் கொடுத்தால்? அப்போதும் அதே பிழை. இங்கேதான் பலரும் பல மணி நேரம் தங்கள் சொந்த நிரலையே சந்தேகப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறார்கள். மார்ச் ஆப்ஷன் நீங்கள் எழுதிய கோப்பை மட்டும்தான் கட்டுப்படுத்தும். இறுதி நிரலில் நீங்கள் எழுதாத துண்டுகளும் சேர்கின்றன: அடிப்படை சி நூலகமான ஜிலிப்சியிலிருந்து வரும் சிஆர்டி1 தொடக்கக் கோப்பு, ஜிசிசியோடு வரும் லிப்ஜிசிசி என்ற துணை நூலகம். அவை அந்தப் பேக்கேஜ் தயாரானபோதே ஆர்ம் வி7க்காக, தம்ப்-2 என்ற சுருக்கக் கட்டளைகளில் கம்பைல் ஆகி முடிந்தவை. ஆர்ம்1176க்குத் தம்ப்-2 தெரியாது. ஆகவே மெயின் ஃபங்ஷனுக்கு வந்து சேர்வதற்கு முன்பே நிரல் செத்துவிடுகிறது. நிரல் கோப்பின் விவரங்களைக் காட்டும் ரீட்எல்ஃப் கருவியைப் பெரிய ஏ ஆப்ஷனோடு ஓட்டினால் சிபியு ஆர்ச் என்ற வரியில் வி7 என்று இருக்கும். அதைப் பார்த்த பிறகு வேறு எங்கும் தேட வேண்டியதில்லை.

கம்பைலரைக் கட்டும்போது எடுக்கிற முடிவைப் பிறகு கட்டளை வரியில் முழுவதுமாக மாற்ற முடியாது. இதற்காகத்தான் நாங்களே கட்டுகிறோம்.

இனி கான்ஃபிகர். ஜிசிசி மூன்று இயந்திரங்களைக் கேட்கும். பில்ட் என்பது கம்பைலரைக் கட்டுகிற இயந்திரம். ஹோஸ்ட் என்பது அந்தக் கம்பைலர் ஓடப்போகிற இயந்திரம். டார்கெட் என்பது அந்தக் கம்பைலர் வெளியிடும் குறியீடு ஓடப்போகிற இயந்திரம். பில்டைச் சொல்லாவிட்டால் கான்ஃபிக்.கெஸ் என்ற ஸ்கிரிப்ட் தானே ஊகிக்கும். ஹோஸ்டைச் சொல்லாவிட்டால் பில்டின் மதிப்பு, டார்கெட்டைச் சொல்லாவிட்டால் ஹோஸ்டின் மதிப்பு. எங்கள் முதல் கம்பைலருக்கு பில்டும் ஹோஸ்டும் எக்ஸ்86-64 லினக்ஸ், டார்கெட் மட்டும் ஆர்ம். இருந்தாலும் மூன்றையும் வெளிப்படையாக எழுதிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். பிறகு யாராவது அந்த வரியைப் படிக்கும்போது எதையும் ஊகிக்க வேண்டியிருக்காது.

டார்கெட் பெயர் போய்ச் சேரும் இடம் ஜிசிசி அடைவிலுள்ள கான்ஃபிக்.ஜிசிசி என்ற கோப்பு. முழுக்க ஷெல்லில் எழுதிய, மிக நீளமான கேஸ் பட்டியல்கள். எந்த ஹெடர்கள் சேர வேண்டும், எந்த மேக்ஃபைல் துண்டுகள் சேர வேண்டும் என்பதெல்லாம் அங்கேதான் முடிவாகிறது. பலர் அதைத் திறக்கவே தயங்குகிறார்கள். திறந்து உங்கள் டார்கெட்டைத் தேடிப் படியுங்கள், ஆவணத்தில் சொல்லாதது அங்கே இருக்கும். எங்களுக்கு வேண்டிய மூன்று ஆப்ஷன்களையும் அது சரிபார்க்கிறது: வித்-ஆர்ச் ஆர்ம்வி6 (சிப் வகை), வித்-எஃப்பியு விஎஃப்பி (மிதவைப் புள்ளிக் கணக்குக்கான வன்பொருள்), வித்-ஃப்ளோட் ஹார்ட் (அந்தக் கணக்கை வன்பொருளிலேயே செய்வது). இவை கம்பைலரின் இயல்பு நிலையாகவே பதிந்துவிடும். அதே கம்பைலர்தான் லிப்ஜிசிசியையும் சி++ நூலகத்தையும் கம்பைல் செய்கிறது என்பதால் அவையும் வி6 ஆகவே பிறக்கும்.

மிச்சம் சிஆர்டி1உம் ஜிலிப்சியும். இவற்றை நாங்கள் கட்டுவதில்லை. பையின் எஸ்டி கார்டிலிருந்து லிப், யுஎஸ்ஆர் அடைவுகளை அப்படியே நகலெடுத்து, டார்கெட்டின் கோப்புகளைக் கம்பைலர் தேடும் அடைவான சிஸ்ரூட்டாகக் கொடுத்துவிடுகிறோம். ஜிலிப்சியையும் கட்டுவதென்றால் ஹெடர் இல்லாமல் ஒரு அரைகுறை ஜிசிசி, பிறகு ஜிலிப்சி, பிறகு முழு ஜிசிசி என்று சுற்ற வேண்டும். சிஸ்ரூட் இருந்தால் அசெம்பிளரும் லிங்கரும் அடங்கிய பின்யுடில்ஸ், அப்புறம் ஜிசிசி, அவ்வளவுதான். இரண்டு இடங்களில் மட்டும் கவனம் வேண்டும். டெபியன் குடும்பம் நூலகங்களை டார்கெட் பெயரிட்ட துணை அடைவில் வைக்கிறது. எனேபிள்-மல்டிஆர்ச் கொடுக்காவிட்டால் லிங்கர் சிஆர்டி1ஐக் காணவில்லை என்று புகார் செய்யும். இரண்டாவது, கார்டிலுள்ள சிம்லிங்குகள் (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்புகள்) சில ரூட்டிலிருந்து தொடங்கும் முழுப் பாதையைக் காட்டும். நகலெடுத்த பிறகு அவை உங்கள் சொந்தக் கணினியின் நூலகத்தையே காட்டும். அவற்றைச் சார்புப் பாதைகளாக மாற்றிவிடுங்கள். ஜிசிசி பதிப்பும் பையில் உள்ளதாகவே இருக்கட்டும், புக்வர்ம் என்ற வெளியீடு என்றால் 12. புதியதை எடுத்தால் சி++ நிரல்கள் பையில் இல்லாத நூலகப் பதிப்பைக் கேட்டு நிற்கும்.

ஜிசிசியை சோர்ஸ் அடைவுக்குள்ளேயே கட்டக் கூடாது, வெளியே தனி அடைவில்தான் கட்ட வேண்டும். கான்ஃபிகர் ஆப்ஷன் ஒன்றை மாற்றினால் அந்த அடைவை முழுதாக அழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பழைய மிச்சங்களோடு போராடுவதைவிட அது விரைவு.

இவ்வளவும் செய்து எல்லோருக்கும் கொடுத்த பிறகு களத்தில் வேலை செய்யும் குழுவிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது: எங்களிடம் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி, அதில் ஓடும் கம்பைலர் வேண்டும். அதாவது பில்ட் லினக்ஸ், ஹோஸ்ட் விண்டோஸ், டார்கெட் ஆர்ம். மூன்றும் வேறு வேறாக இருக்கும் இதைத்தான் கனேடியன் கிராஸ் என்பார்கள். ஜிசிசியின் கட்டுமான அமைப்பு எவ்வளவு நன்றாக யோசிக்கப்பட்டது என்பது எனக்கு இதில்தான் தெரிந்தது. சிப்பின் கட்டளைகளை விவரிக்கும் மெஷின் டிஸ்கிரிப்ஷன் கோப்புகளைப் படித்து சி குறியீடாக மாற்றும் ஜென் என்று தொடங்கும் சிறு நிரல்கள் கட்டும்போதே ஓட வேண்டும், ஆகவே அவை லினக்ஸுக்காகக் கம்பைல் ஆகின்றன. கம்பைலர் விண்டோஸ் எக்ஸிஇ ஆக வர வேண்டும், அதற்கு லினக்ஸில் ஓடி விண்டோஸ் நிரல் தரும் மிங்டபிள்யு கிராஸ் கம்பைலர் தேவை. லிப்ஜிசிசி ஆர்முக்காகக் கம்பைல் ஆக வேண்டும். ஆனால் இப்போது பிறந்த கம்பைலர் விண்டோஸ் நிரல், லினக்ஸில் ஓடாது. அதனால் முன்பே கட்டிய லினக்ஸ்-ஆர்ம் கம்பைலர், ஷெல் கட்டளைகளைத் தேடும் அடைவுப் பட்டியலான பாத்தில் இருக்க வேண்டும், அதுவும் அதே பதிப்பாக. ஒரே மேக் கட்டளைக்குள் மூன்று கம்பைலர்கள் மாறி மாறி வேலை செய்வதைப் பார்க்க எனக்கு இப்போதும் ஆசையாக இருக்கிறது. ஜிசிசிக்குத் தேவையான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி என்ற கணித நூலகங்கள் மூன்றையும் ஜிசிசியின் சோர்ஸ் அடைவுக்குள்ளேயே இறக்கி வைத்துவிட்டால் அவையும் விண்டோஸுக்காகத் தானே கட்டப்படும். அதற்கான டவுன்லோட் ஸ்கிரிப்ட் கான்ட்ரிப் அடைவில் இருக்கிறது.

வெளியே கொடுப்பதற்கு முன் ஒரு சோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஒரே சி கோப்பை லினக்ஸ் கம்பைலரிலும் விண்டோஸ் கம்பைலரிலும் ஒரே ஆப்ஷன்களோடு, டீபக் தகவல் இல்லாமல் ஆப்ஜெக்ட் கோப்பாக மாற்றிப் பைட்டுக்குப் பைட் ஒப்பிடுங்கள். கம்பைலர் எங்கே ஓடினாலும் வெளியீடு மாறக் கூடாது. மாறினால் இரண்டு கம்பைலர்களிலும் சின்ன வி ஆப்ஷன் கொடுத்து, 'கான்ஃபிகர்டு வித்' வரிகளைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெரும்பாலும் வித்-ஆர்ச்சோ வித்-எஃப்பியுவோ ஒன்றில் விடுபட்டிருக்கும்.