சாடாதீங்க!

பிளஸ் டூ எழுதி முடித்த 2009 ஏப்ரலில், மலம்புழைப் பக்கம் ஒரு தீம் பார்க்கில் இரண்டு மாத வேலை கிடைத்தது. எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளாதான், ஆனால் வீட்டிலும் டீக்கடையிலும் தமிழ். பாலக்காட்டில் பஸ் மாறி ஒன்பது மணிக்குள் போய்ச் சேர வேண்டும். நாளுக்கு 150 ரூபாய், மதியச் சோறு. சட்டை முதுகில் 'ஸ்டாஃப்' என்று எழுதியிருந்ததுதான் எனக்குச் சம்பளத்தை விடப் பெரிது.

பாலக்காட்டு ஏப்ரல் வெயில் 40 டிகிரியைத் தொடும். பதினொரு மணிக்கு மேல் குளத்தைச் சுற்றியுள்ள தளத்தில் வெறுங்காலோடு நிற்க முடியாது. ஹோஸ் பிடித்து அதை நனைத்துக்கொண்டே இருப்பது முதல் வாரத்து வேலை. அப்புறம் வேவ் பூலுக்கு மாற்றினார்கள்.

சுவருக்குப் பின்னால் ஓர் அறை. அங்கிருந்து காற்றை அழுத்தித் தள்ள, அது தண்ணீரை அமுக்கிவிட, குளத்தில் அலை கிளம்பும். முதல் தடவை எட்டிப் பார்த்தபோது ஏமாற்றம்தான். கடலுக்குப் பின்னால் ஒரு ரைஸ் மில் ஓடிக்கொண்டிருந்தது!

கூட்டத்தில் பாதி கோயம்புத்தூர், பொள்ளாச்சி ஆட்கள். பக்கத்து மலம்புழை அணை 1955-ல் திறந்தபோது பாலக்காடு சென்னை மாநிலத்தில்தான் இருந்தது. "நம்ம அணைதானே" என்று உரிமையோடு வருகிற பெரியவர்கள் உண்டு. ஆனால் மைக்கில் வருவதெல்லாம் மலையாளம். "நீ தமிழ் பறயோ?" என்று கேட்டு சூப்பர்வைசர் சேட்டன் மைக்கை என் கையில் கொடுத்துவிட்டார்.

சைரன் ஊதியது. "அலை வரப்போகுது, சுவர்ப் பக்கத்துல யாரும் சாடாதீங்க!" என்றேன்.

"நாங்க யாரைத் தம்பி சாடினோம்?" என்று தண்ணீருக்குள்ளிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு. மலையாளத்தில் சாடுவது என்றால் குதிப்பது. எனக்கு எது எந்த மொழி என்றே அன்றுவரை பிரித்துப் பார்க்கத் தோன்றியதில்லை. நாகர்கோவில் குடும்பம் ஒன்றுதான் சிரிக்கவில்லை. அவர்கள் ஊரிலும் சாடத்தான் செய்வார்களாம். மறுநாள் முதல் 'குதிக்காதீங்க' என்று மாற்றிக்கொண்டேன். மே கடைசி வரை என் பெயர் 'சாடாதீங்க'தான்.

பருத்தித் துணியோடு குளத்தில் இறங்கக் கூடாது. நூல் பிசிறு ஃபில்டரை அடைத்துவிடும். சேலை என்றால் அலையில் காலைச் சுற்றிக்கொள்ளும் ஆபத்து வேறு. இதை ஒரு நாளைக்கு நூறு பேரிடம் சொல்லியிருப்பேன். பொள்ளாச்சிப் பாட்டி ஒருவரிடம் மட்டும் செல்லவில்லை.

"ஏங்கண்ணு, சேலையோடவே கெணத்துல நீச்சலடிச்சவ நானு. இந்த முழங்கால் தண்ணிக்கு நைலான் டவுசர் போடோணுமா?"

நியாயம்தான். ஆனால் சேட்டன் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் மெலிந்து முடிகிற ஓரத்தில் பாட்டியை உட்கார வைத்து, காலை மட்டும் நனைக்கச் சொன்னேன். முதல் அலை கணுக்காலைத் தொட்டுத் திரும்பியது. விரலை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தவர், "உப்பே இல்லியே, பிளீச்சிங் பவுடர் வாடையில்ல அடிக்குது" என்று முகம் சுளித்தார்.

அடுத்த அலைக்கு இரண்டடி உள்ளே நகர்ந்திருந்தார். சேலை முழங்கால் வரை நனைந்துவிட்டது. நான் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று, சும்மா இருந்த பையன்களைப் பார்த்து விசில் ஊதினேன்.