தீபாவளிக் கூட்டமும் செமஸ்டர் தேர்வும்

சென்னை வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் ஒரு மாணவனுக்குப் பகுதிநேர வேலை கிடைப்பது கடினமே இல்லை. எம்.சி. ரோடு துணிக்கடைகளில் எப்போதும் ஆள் தேவை. பாரிமுனையில் பில் போடவும் பார்சல் கட்டவும் பையன்கள் வேண்டும். காசிமேட்டில் விடியலுக்கு முன் மீன் பெட்டி தூக்கினால் கையோடு கூலி. முகூர்த்த நாட்களில் வெள்ளைச் சட்டையை மடித்து எடுத்துக்கொண்டு பந்தி பரிமாறக் கிளம்புகிறவர்கள் எங்கள் கல்லூரியில் எல்லா வகுப்பிலும் உண்டு. மறுநாள் காலை அவர்களின் கண்களைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆகவே இந்த வட்டாரத்தில் ஒரு கல்லூரி தன் மாணவர்களுக்கு வேலை தருகிறதா என்பதைவிட, எந்த நேரத்தில் தருகிறது, எப்போது நிறுத்தச் சொல்கிறது என்பதைத்தான் கேட்க வேண்டும்.

நான் கல்லூரி நூலகர். வருமானம் குறைந்த குடும்பத்து மாணவர்களுக்கு வகுப்பு இல்லாத நேரத்தில் நூலகத்தில் வேலை கொடுத்து, மணிக் கணக்கில் ஊதியம் தரும் ஏற்பாடு எங்களிடம் இருக்கிறது. அதை நடத்தும் பொறுப்பு சில ஆண்டுகளாக என்னுடையது. எங்கள் கல்லூரி இரண்டு ஷிப்டுகளில் இயங்குவதால் இது எளிதாக அமைந்தது. முதல் ஷிப்ட் மாணவர்கள் மதியத்துக்கு மேலும், இரண்டாம் ஷிப்ட் மாணவர்கள் காலையிலும் வருகிறார்கள்.

திரும்பி வந்த புத்தகங்களை எண் வரிசைப்படி அடுக்குவது, முதுகில் லேபிள் ஒட்டுவது, முதலாண்டு மாணவர்களுக்குத் தேடிக் கொடுப்பது என்று வேலைகள் சாதாரணமானவைதான். இருப்பதிலேயே சிரமமானது, மையில் எழுதிய பழைய புத்தகப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது. அந்தக் காலத்து எழுத்தர் ஒருவர் பக்கம் முழுவதும் 'மேற்படி' என்றே எழுதித் தள்ளியிருப்பார். அந்த மேற்படி எந்தப் பதிப்பகம் என்று கண்டுபிடிக்க நான்கு பக்கம் பின்னால் போக வேண்டும். பொருளியல் படிக்கும் பெண் ஒருத்திக்கு இதில் அலாதி ஆர்வம். அவளுடைய வீட்டார் மண்ணடியில் பைண்டிங் வேலை செய்கிறவர்கள். பிய்ந்த புத்தகங்களை ஊசி நூலால் தைத்துச் சேர்க்கும் முறையை எங்கள் ஊழியர்களுக்கு அவள்தான் சொல்லிக்கொடுத்தாள். ஏழை மாணவருக்கு நாம் கொடுக்கிறோம், அவர்கள் வாங்கிக்கொள்கிறார்கள் என்று நினைக்கும் சக ஆசிரியர்கள் அவளிடம் ஒரு மதியம் உட்கார்ந்து பார்க்கலாம்.

கடை வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. கூட்டல் கழித்தலில், மனிதர்களோடு பேசுவதில் கடைப் பையன்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். சிக்கல் நாள்காட்டியில் இருக்கிறது. துணிக்கடைக்குத் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள்தான் உயிர். அப்போது லீவு கேட்டால் வேலையே போய்விடும். பல்கலைக்கழகத்தின் முதல் பருவத் தேர்வோ பெரும்பாலும் நவம்பரில் வருகிறது. தீபாவளி முடிந்த கையோடு, கடையில் நின்று வீங்கிய காலோடு, தேர்வுக் கூடத்துக்கு வருகிறான். வகுப்புக்கும் 75 சதவீத வருகை வேண்டும். கொஞ்சம் குறைந்தால், அந்தக் குறைவைப் பொறுத்துக்கொள்வதற்கான 'கண்டோனேஷன்' கட்டணம் கட்டித்தான் தேர்வு எழுத முடியும். ஓடி ஓடிச் சம்பாதித்ததில் ஒரு பங்கு, ஓடியதற்கு அபராதமாகவே போகிறது. நூலகத்தில் நாங்கள் தேர்வுக்கு முன்பே வேலையை நிறுத்திவிடுகிறோம். உதவித்தொகை என்று நான் சொல்வதானால் இந்த நிறுத்தத்தைத்தான் சொல்வேன்.

இப்படிச் சொல்லிவிட்டு, எங்கள் ஏற்பாட்டின் ஓட்டையைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஊதியம் வெளிக் கூலியைவிடக் குறைவு, அதுவும் மாதாமாதம் வருவதில்லை. வவுச்சர் எழுதி, துறைத்தலைவர், முதல்வர், கணக்குப் பிரிவு என்று கையெழுத்து வாங்கி முடிப்பதற்குள் பருவமே முடிந்துவிடும். வாடகைக்கும் அரிசிக்கும் இந்த வாரமே பணம் வேண்டிய மாணவன் அவ்வளவு நாள் காத்திருக்க மாட்டான். அவன் துணிக்கடைக்கே போகிறான். எங்களிடம் மிஞ்சுவது கொஞ்சம் மூச்சுவிட இடமுள்ளவர்கள். மிகவும் தேவைப்படுகிறவனைத் திட்டம் தானாகவே வடிகட்டி வெளியே தள்ளுகிறது.

அமெரிக்காவில் கூட்டரசு 1964 முதல் நடத்திவரும் வேலை-படிப்புத் திட்டத்தின் விதிகளை நான் எடுத்துப் பார்த்தது இந்தக் கோபத்தில்தான். மணி ஊதியம் கூட்டரசின் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது. அது இப்போது 7.25 டாலர். மாதம் ஒருமுறையாவது பணம் கொடுத்தாக வேண்டும். வகுப்பு நேரத்தில் பொதுவாக வேலை வாங்கக் கூடாது. (அங்கே மேற்படிப்புக்குப் போக நினைக்கும் மாணவர்கள் இதைப் படித்துவிட்டு என்னிடம் ஓடி வருகிறார்கள். மாணவர் விசாவில் போகிறவர்களுக்கு இந்தத் திட்டம் கிடையாது. பருவ நாட்களில் வாரம் 20 மணி நேரம் வரை வளாகத்தில் வேறு வேலை செய்யலாம்.) அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். மகாராஷ்டிரத்தில் 1919 இல் ரயத் கல்விச் சங்கத்தைத் தொடங்கிய பாவுராவ் பாட்டீல், உழைத்துக்கொண்டே படிப்பதைத் தன் நிறுவனங்களில் வழக்கமாக்கினார். புனே பல்கலைக்கழகத்தின் 'சம்பாதித்துக்கொண்டே கற்போம்' திட்டம் இன்றும் அவர் பெயரில் நடக்கிறது.

நம் மாநிலத்தில் 2022 முதல் புதுமைப் பெண், 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் வழியே தகுதியுள்ள மாணவர்களின் வங்கிக் கணக்குக்கு மாதம் 1000 ரூபாய் நேராகப் போகிறது. அந்தப் பணம் வரத் தொடங்கியபின் பெண்களில் சிலர் கடை வேலையை விட்டுவிட்டு எங்களிடம் வந்தார்கள். மாதத்துக்கு ஒரு நிச்சயத் தொகை கையில் இருந்தால்தான் குறைந்த ஊதியமுள்ள, படிப்பைக் கெடுக்காத வேலையைத் தேர்ந்தெடுக்கும் தைரியம் வருகிறது. உதவித்தொகை கொடுத்தால் வேலைத் திட்டம் எதற்கு என்று கேட்கும் நிர்வாகிகளுக்கு இது புரிவதில்லை.

கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் (NAAC) குழு வரும் ஆண்டில் மட்டும் எங்கள் திட்டத்துக்குத் திடீரென்று மவுசு கூடிவிடும். புகைப்படம் எடுப்பார்கள், அறிக்கை கேட்பார்கள். அந்த ஆண்டு வவுச்சரும் கொஞ்சம் வேகமாக நகரும்.

கணக்குப் பிரிவில் இந்த ஊதியம் இன்னும் 'இதரச் செலவுகள்' என்ற தலைப்பில்தான் பதிவாகிறது, விருந்தினருக்கு வாங்கும் பொன்னாடை, தேநீர், பிஸ்கட் கணக்கோடு. அதை 'மாணவர் உதவி' என்ற தலைப்புக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன். மாற்றினால் ஆண்டுத் தொடக்கத்திலேயே தொகையை ஒதுக்கிவைக்க வேண்டும். மாதம் பத்தாம் தேதிக்குள் மாணவர் கணக்கில் போடலாம், வவுச்சர் ஒவ்வொரு மேசையாக ஏறி இறங்க வேண்டாம். நிதிக் குழுவின் அடுத்த கூட்டத்தில் வைப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். தீபாவளிக்கு முன் அந்தக் கூட்டம் நடக்க வேண்டும் என்று நினைவூட்டி மறுபடியும் ஒரு கடிதம் கொடுத்திருக்கிறேன்.