பத்து நிமிஷ வேலை

"பத்து நிமிஷ வேலைக்கு டியூப்பா டாக்டர்?" என்று எண்டோஸ்கோப்பி சார் கேட்டார். கோபமெல்லாம் இல்லை, எக்ஸ்ரே படாமல் தடுக்கும் லெட் ஏப்ரனை மாட்டிக்கொண்டே கேட்டார். "ஆமாம் சார், போட்டுடலாம்" என்றேன். பேச்சு அவ்வளவுதான். மயக்க மருந்து கொடுப்பது என் வேலை. டியூப் என்றால் வாந்தி நுரையீரலுக்குள் போகாமல் இருக்க மூச்சுக்குழாய்க்குள் இறக்கும் குழாய்.

அந்த அம்மாவுக்குப் பித்தநாளத்தில் கல். காய்ச்சல், குளிர், மஞ்சள் காமாலை, காலையிலிருந்து வாந்தி. பருத்த உடம்பு, குட்டைக் கழுத்து. வாய்வழியாக ஸ்கோப்பை விட்டு அந்தக் கல்லை எடுக்கும் இஆர்சிபிக்குக் குப்புறப் படுக்க வைத்துவிட்டால் வாய் ஸ்கோப்புக்குப் போய்விடும். ஆக்சிஜன் ஓடும்போது மூச்சு நின்றாலும் இரத்தத்தின் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் கொஞ்ச நேரம் 98 என்றே காட்டும். முதலில் படுப்பது, வெளிவிடும் மூச்சின் கார்பன் டை ஆக்சைடைக் காட்டும் கேப்னோகிராஃப் கோடுதான். வாயில் ஸ்கோப் இருக்கையில் மூக்கிலிருந்து எடுக்கும் அந்தக் கோட்டை எவ்வளவு நம்புவது? நடுவில் ஏதாவது ஆனால் ஸ்கோப்பை உருவி, ஆளை மல்லாத்தி, அப்புறம்தான் டியூப் போட லாரிங்கோஸ்கோப்பை எடுக்க முடியும். வாந்தி நுரையீரலுக்குள் போக அந்த நேரம் தாராளம்.

இதில் ஒரு வரியைக்கூட நான் சாரிடம் சொல்லவில்லை. அவருக்குத் தெரியாததா என்ன.

ஆனால் அவர் பக்கமும் நியாயம் இருந்தது. மயக்க மருந்தான எட்டோமிடேட்டைக் குறைத்துக் கொடுத்தும் பிரஷர் 70க்கு இறங்கியது. இரத்தத்தில் கிருமி பரவியவருக்கு அப்படி ஆகும் என்று தெரிந்துதான் பிரஷரை ஏற்றும் நார்அட்ரினலினைத் தயாராக வைத்திருந்தேன். எதிர்பார்த்தேன் என்பதற்காக அந்த அம்மாவின் சிறுநீரகத்துக்கு அது லேசாகிவிடுமா? ஸ்கோப் உள்ளே போனதும் இரைப்பையில் இருந்தது கொஞ்சம் பித்தநீர்தான். கல்லும் சீழும் வந்தன. ஏறக்குறைய அவர் சொன்ன நேரத்திலேயே முடிந்துவிட்டது. சார் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலாவது சொல்லியிருப்பேன்.

டியூப் தடுத்ததால் ஒன்றும் உள்ளே போகவில்லையா, போவதற்கே ஒன்றும் இருக்கவில்லையா? இரவுக்குள் பிரஷர் மருந்தை நிறுத்திவிட்டார்கள். அதையும் நாங்கள் இரண்டு பேருமே அவரவர் கணக்கில் எழுதிக்கொள்ளலாம். அதே நிலையில் நாளை ஒருவர் வந்தாலும் டியூப்தான் போடுவேன் என்று நினைக்கிறேன்.

அன்றைய பட்டியலில் அடுத்தவர் ஒல்லியான இளைஞர், ஸ்டென்ட் எடுக்க வந்தவர். "இவருக்கு டியூப் வேண்டாம், புரோப்போஃபால் மயக்கமே போதும் சார்" என்று சார் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டேன். போதும்தான், அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அவ்வளவு அவசரமாகச் சொன்னது நோயாளியைப் பார்த்தா, சாரைப் பார்த்தா?