எட்டில் ஒரு பங்கு வெளிச்சம்

இயந்திரத்தின் முகப்பில் எட்டு எழுத்து காட்டும் டிஸ்ப்ளே வேண்டும் என்றார்கள். எண்ணோடு ஆங்கில எழுத்தும் தெரிய வேண்டும். ஏழு செக்மென்டில், அதாவது எரியும் ஏழு கோடுகளில், அது நடக்காது. பதினான்கு செக்மென்டும் ஒரு புள்ளியும் கொண்ட காமன் ஆனோடு (பிளஸ் முனை பொதுவான) எல்இடிகளை எடுத்தேன். செக்மென்டுக்கு ஒரு ஒயர் என்றால் 120 ஒயர்! அதனால் மல்டிபிளெக்சிங். ஒரு நேரத்தில் ஒரு இலக்கம்தான் எரியும், அதுவும் ஒரு மில்லிசெகண்ட். நொடிக்கு 125 சுற்று ஓடினால், எட்டும் சேர்ந்தே எரிவதாகக் கண் நம்பிவிடும்.

முதல் போர்டில், ஒரே ஒயரில் வரும் தகவலைப் பல பின்களுக்குப் பிரித்துத் தரும் 74எச்சி595 ஷிப்ட் ரிஜிஸ்டர் சிப்பிலிருந்தே செக்மென்டுகளை எரியவிட்டேன். செக்மென்டுக்கு 25 மில்லிஆம்ப். ஒரு பின் 35 வரை தாங்கும் என்று டேட்டாஷீட்டில் படித்திருந்தேன். சிப் மொத்தத்துக்கும் 70தான் என்று சற்றுத் தள்ளி இருந்த வரியைப் படிக்கவில்லை. 1 பளிச்சென்று எரிந்தது, 8 அழுது வடிந்தது, சிப் தொட முடியாமல் சுட்டது.

இரண்டாவது போர்டில் செக்மென்டுகளின் மின்னோட்டத்தைத் தாங்க இரண்டு யூஎல்என்2803 சிப், இலக்கத்துக்கு சுவிட்சாக ஒரு பிடி140 டிரான்சிஸ்டர், மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்த 47 ஓம் ரெசிஸ்டர்கள். எட்டில் ஒரு பங்கு நேரமே எரிவதால், சராசரியாக 5 மில்லிஆம்ப் கிடைக்க 40 செலுத்த வேண்டியிருந்தது. வரைபடத்தைப் பார்த்த சீனியர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"புரோகிராம் நின்னுபோச்சுன்னா?"

"நிக்காது சார்."

அவர் மேற்கொண்டு பேசவில்லை.

அதற்குள் வேறொரு தொல்லை. ஒவ்வொரு எழுத்தின் மேலும் அதற்கு வலப்பக்க எழுத்தின் நிழல் மங்கலாகப் படிந்திருந்தது. இரண்டு நாள் சால்டரிங்கைச் சந்தேகப்பட்டேன். குற்றவாளி டிரான்சிஸ்டர்: அணை என்று சொன்னதும் அணைவதில்லை, சில மைக்ரோசெகண்ட் இழுக்கும். அந்த இடைவெளியில் நான் அடுத்த எழுத்தை அனுப்பிக்கொண்டிருந்தேன். எல்லாவற்றையும் அணைத்து, 50 மைக்ரோசெகண்ட் பொறுத்து, பிறகு அடுத்த இலக்கத்துக்குப் போனதும் நிழல் மறைந்தது.

எழுத்துரு அட்டவணை தனிக் கூத்து. 0வும் ஓவும் ஒன்றுபோல் இருந்தன, 5ம் எஸ்ஸும் அப்படியே. பூஜ்யத்துக்குக் குறுக்குக் கோடு போட்டேன். 5ன் கீழ்ப்பகுதிக்குச் சாய்வுக் கோடு கொடுத்தேன். அழகில்லைதான், ஆனால் தூரத்திலிருந்து யாரும் தப்பாகப் படிக்கவில்லை.

ஒருநாள் பிழை தேட உதவும் டீபக்கரை இணைத்து, புரோகிராமை நடுவில் நிறுத்தும் ஒரு பிரேக்பாயின்ட் வைத்துவிட்டு எதற்கோ எழுந்து போனேன். புரோகிராம் நின்றது, மூன்றாவது இலக்கம் எரிந்தபடியே. எட்டில் ஒரு பங்கு நேரத்துக்கென்று கொடுத்த 40 மில்லிஆம்ப் முழு நேரமும் பாய்ந்தது. திரும்பி வந்தபோது அது கண்ணைக் கூசவைத்தது; அதன் பின் பழைய வெளிச்சம் திரும்பவே இல்லை. மைக்ரோகன்ட்ரோலரில், புரோகிராம் நின்றுபோனால் மீண்டும் தொடங்கவைக்கும் வாட்ச்டாக் உண்டு, ஆனால் டீபக் செய்யும்போது அதுவும் உறங்கிவிடும்.

மூன்றாவது போர்டில் ஒரு 74எச்சி123 டைமர் சிப் சேர்த்தேன். புரோகிராம் ஒவ்வொரு மில்லிசெகண்டும் அதைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். 5 மில்லிசெகண்ட் தட்டாவிட்டால் அது ஷிப்ட் ரிஜிஸ்டரின் வெளியீட்டைத் துண்டித்துவிடும், டிஸ்ப்ளே இருண்டுவிடும். சீனியரிடம் காட்டினேன். ஓடும்போதே, மைக்ரோகன்ட்ரோலருக்குத் துடிப்பு தரும் கிறிஸ்டலின் இரண்டு கால்களையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் சேர்த்துப் பிடித்தார். எட்டும் அணைந்தன. எடுத்ததும் எரிந்தன.

"இப்ப அனுப்பு" என்றார்.